இரண்டாவது புருவத்துக்கு ஒரு புத்தகம்

உலகத்தில் எத்தனையோ பேர் மற்றவர்களைப் புத்தகம் படிக்க வைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். ஊர்வலம் போயிருக்கிறார்கள், பரிசு கொடுத்திருக்கிறார்கள், மேடை போட்டுத் தொண்டை வறளப் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஓர் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் புருவத்தைப் பிடித்து இழுத்துப் படிக்க வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் சிம்பாங் ரெங்கத்து ஒத்தப்புருவம் அக்கா. நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு சிம்பாங் ரெங்கம் என்பது நெடுஞ்சாலையோரம் நிற்கும் ஒரு பச்சைப் பலகை. ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்ததும், "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று சொல்லிக்கொண்டு காரை அழுத்துவார்கள். உள்ளே திரும்ப மாட்டார்கள். அது அவர்கள் நஷ்டம். திரும்பினால், கடை வரிசையில் ஓர் இரும்புக் கடை, அதற்கு மேல் மாடியில் ஒரு பியூட்டி பார்லர். பாதிப் படி ஏறும்போதே மருதாணி வாசனை வந்துவிடும். பெயர்ப்பலகையில் நாகரிகமான ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஒத்தப்புருவத்துக்கிட்ட போயிட்டு வந்துர்றேன்" என்றால் ஊருக்கே புரியும்.

அக்காவுக்குப் புருவம் இரண்டும் ஒழுங்காகத்தான் இருக்கும். பெயர் வந்த கதை வேறு.

புருவம் எடுப்பதைப் பார்த்திராத ஆண் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் முறுக்கி, முடியை ஒவ்வொன்றாகக் கவ்வி இழுப்பார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு, இமையை ஒரு கையாலும் நெற்றியை ஒரு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் யாரும் யாரையும் எதிர்த்துப் பேச முடியாது. அக்கா முதலில் இடது புருவத்தை எடுப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அது முடிந்ததும் நூலைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, பவுடரை ஒற்றிக்கொண்டே கேட்பார்.

"இப்ப என்ன படிக்கிற?"

பதில் சொன்னால் வலது புருவம். சொல்லாவிட்டால் கிடையாது.

பேங்க்குக்கு மாற்றலாகி வந்திருந்த ஓர் அம்மாவுக்கு இந்த நடைமுறை தெரியாது. "நான் படிச்சு முடிச்சு வேலைக்கு வந்து எவ்வளவோ வருஷமாச்சு" என்று சிரித்திருக்கிறார்.

"படிப்பக் கேக்கல. புத்தகம். இப்ப என்ன புத்தகம் ஓடுது உங்களுக்கு?"

"புத்தகமா? அதுக்கெல்லாம் எங்க லா நேரம்."

"சரி. நேரம் கெடைக்கும்போது வாங்க. அந்தப் புருவம் எங்கயும் போயிடாது."

விளையாட்டு என்று நினைத்து அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்க, அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். காசும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுவதும் பேங்க் கவுண்டரில் ஒரு பக்கம் வில் மாதிரியும் இன்னொரு பக்கம் வேலி மாதிரியும் புருவத்தை வைத்துக்கொண்டு அவர் வேலை பார்த்ததை ஊரே வரிசையில் நின்று பார்த்தது. அடுத்த சனிக்கிழமை ஒரு மாத நாவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர்.

இப்படி நடந்துகொண்டால் யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். வந்தார்கள், வருகிறார்கள், குளுவாங்கிலிருந்தும் கூலாயிலிருந்தும் வருகிறார்கள். அக்காவின் கை அப்படி. நூல் பட்டது தெரியும், வலி தெரியாது. ஒரு மாதம் வரை வடிவம் கலையாது. அழகுக்காகப் பெண்கள் எவ்வளவோ துன்பத்தைத் தாங்குகிறோம், ஒரு புத்தகத்தைத் தாங்க மாட்டோமா?

அந்தக் கேள்விக்கு நினைத்ததைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. படித்து முடித்த புத்தகம் அக்காவிடம் செல்லாது. "போன வாரம் ஒரு நல்ல புத்தகம் முடிச்சேன்கா" என்று ஆரம்பித்தால், "முடிச்சா முடிஞ்சிபோச்சு, இப்ப எது ஓடுது, அதச் சொல்லு" என்பார். நாம் பாதியில் இருக்க வேண்டும். முடிவு நமக்கும் தெரிந்திருக்கக் கூடாது. எந்த இடம் வரைக்கும் வந்திருக்கிறோமோ அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஏன் இப்படி ஒரு வினோதம் என்று ரொம்ப நாள் யாருக்கும் விளங்கவில்லை. கேட்கவும் முடியாது. நாம் சொல்ல ஆரம்பித்ததும் அக்கா நூலைக் கடித்துக்கொள்வார், அப்புறம் வருவதெல்லாம் "ம்" மட்டும்தான். அந்த "ம்"மிலேயே அவருக்கு ஏழெட்டு வகை உண்டு. சந்தேகம், துக்கம், "அந்த ஆளை நம்பாதே", "இவளுக்கு இது தேவைதான்", எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

கதை நன்றாக இருந்தால் கை நிதானமாக ஓடும், புருவம் செதுக்கியதுபோல் வரும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இடது புருவத்தைவிட வலது புருவம் ஒரு படி அழகாக இருப்பதற்கு இதுதான் காரணம். சந்தேகம் இருந்தால் கல்யாண ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். ஆனால் கதை ரொம்ப நன்றாக இருந்தாலும் ஆபத்து. கேக் செய்து விற்கும் லில்லி ஆண்ட்டி துப்பறியும் கதைகளாகப் படிப்பவர். ஒருமுறை பங்களாவில் கொலை விழும் இடத்தை அவர் சொல்லச் சொல்ல அக்காவின் கை வேகமெடுத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் லில்லி ஆண்ட்டியின் வலது புருவம் பாதி தூரத்திலேயே நின்றுபோயிருந்தது. பங்கு சாமியார் பிரசங்கத்தின் நடுவே இரண்டு முறை அவரைப் பார்த்தாராம்.

இன்ன புத்தகம்தான் என்றும் இல்லை. புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், கேள்வியைக் கேட்டதும் பேந்தப் பேந்த விழித்து, "வீட்ல ஒரே ஒரு புத்தகந்தான்கா இருக்கு. வாஷிங் மெஷின் கூட வந்தது" என்றாள். நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அக்காவுக்குச் சிரிப்பே வரவில்லை.

"எது வரைக்கும் வந்திருக்க?"

"தண்ணி பைப்பு மாட்டுற வரைக்கும்கா."

"மாட்டியாச்சா, இன்னும் இல்லயா?"

"இன்னும் இல்ல. எங்க வீட்டுக்காரரு மூட் இல்லேங்கிறாரு."

அக்கா நூலைக் கடித்துக்கொண்டு ஒரு "ம்" சொன்னார் பாருங்கள், அந்தப் புருஷனுக்கு அன்றைக்குக் கட்டாயம் விக்கியிருக்கும். அடுத்த மாதம் அந்தப் பெண் வந்தபோது, "பைப்பு மாட்டியாச்சா?" என்று நாற்காலிக்காரர்கள் எல்லாரும் கேட்டோம். எங்களுக்கும் அது ஓடிக்கொண்டிருந்த கதைதான்.

எங்கள் ஊர்ச் சின்ன நூலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பெண்கள் கூட்டம். அங்கே வேலை பார்க்கும் மலாய்க்கார அம்மா முதலில் மிரண்டு போனாராம், பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் கூடுதல் நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார். இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்கிறேன். ஆமாம், பெருமைதான். எந்த ஊரில் வேண்டுமானாலும் கோபுரம் இருக்கலாம், பாலம் இருக்கலாம். கோழிக்கடை வரிசையில் நின்றுகொண்டு, "உன் கதைல அந்தத் தம்பிக்காரன் திரும்பி வந்துட்டானா?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கிற ஊர் எது?

இனி, என் தங்கை தேவியின் கல்யாணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை சிகாமட். தங்கமான பையன். அவன் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, தங்கமா இரும்பா என்று எங்களால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் வாயைத் திறக்கவே இல்லை. நிச்சயதார்த்தத்தன்று கேசரியை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டது என்று என் அம்மா இன்றைக்கும் சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு தேவி அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

"மாலாக்கா, அவங்க இதுவரைக்கும் என்கிட்ட பேசினதே மூணு வார்த்தைதான்" என்றாள் என்னிடம். "'ம்', 'சரி', 'காரம்'. எனக்கு பயமா இருக்கு. சின்னதா ஏதாவது தப்பு நடந்தாக்கூட காலம் பூரா அந்த வீட்ல நான்தான் அனுபவிக்கணும்."

தை மாதக் கல்யாணம், அதுவும் சீனர்களின் புத்தாண்டுப் பெருநாள் சமயத்தில். மண்டபம் எங்கள் ஊரில். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, அதிசயமாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"சிகாமட்ல நான் போற பார்லர் பெருநாளுக்கு மூடிட்டாங்க. புருவம் எடுக்கல."

என் அம்மா முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. கடைசியில் சம்பந்திக்கு வேண்டிய ஒன்று நம்மிடம் இருக்கிறதே. "எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு சம்பந்தி. கை பட்டதே தெரியாது. வாங்க, இப்பவே போலாம்."

என் அம்மா வாழ்நாளில் புருவம் எடுத்துக்கொண்டதில்லை. ஒத்தப்புருவம் என்ற பெயரைக் கேட்டிருக்கிறாரே தவிர, ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. நானும் தேவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தடுக்கவும் வழியில்லை. ஊரில் இருந்த இன்னொரு சலூனும் பெருநாளுக்குப் பூட்டிக் கிடந்தது. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அக்காவுக்கு வாட்ஸாப்பில் தட்டினேன்: "மாப்பிள்ளையோட அம்மா வர்றாங்க. இன்னைக்கு மட்டும் அந்தக் கேள்வியக் கேக்காதீங்க. தேவி வாழ்க்கை உங்க கையில." உடனே பதில் வந்தது, ஒரு கட்டைவிரல் படம். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

பார்லரில் லில்லி ஆண்ட்டி மட்டும் தலைக்கு டை போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அக்கா என்னைப் பார்த்து, கவலைப்படாதே என்று தலையசைத்தார். இடது புருவம் மளமளவென்று முடிந்தது. சம்பந்தியம்மா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "பாத்தீங்களா சம்பந்தி, நான் சொல்லல?" என்றார் அம்மா.

அக்கா பவுடர் ஒற்றினார். இன்னொரு முறை ஒற்றினார். மறுபடியும் ஒற்றினார். சம்பந்தியம்மா மூக்கெல்லாம் வெள்ளை.

"அக்கா, அந்தப் பக்கம்" என்றேன் மெதுவாக.

"எடுக்கறேன் மாலா." நூலை எடுத்துக் கடித்தார். முறுக்கினார். வலது புருவம் வரைக்கும் கொண்டுபோனார். கை அப்படியே நின்றது. நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கை வர மாட்டேங்குது மாலா. நான் என்ன செய்ய?"

சம்பந்தியம்மா கண்ணைத் திறந்தார். "என்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார் அக்கா. "ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். இப்ப என்ன படிக்கிறீங்க?"

"ஐயோ, அலமாக்" என்றார் லில்லி ஆண்ட்டி ஓரத்திலிருந்து. தேவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். எதுவும் புரியாவிட்டாலும் ஏதோ விபரீதம் என்பது மட்டும் என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "அது வந்து, இந்தப் பொண்ணு யாரப் பாத்தாலும் இப்படித்தான், நீங்க மனசுல வச்சிக்காதீங்க சம்பந்தி" என்று என்னென்னவோ சொன்னார்.

சம்பந்தியம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒரு பக்கம் வில், ஒரு பக்கம் வேலி. விடிந்தால் கல்யாணம். இப்போது இவர் எழுந்து போய்விட்டால், நாளைக்கு மணமேடையில் மாப்பிள்ளையின் அம்மா இந்தக் கோலத்தில் நிற்பார், அதைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தேவி காலம் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

"நான் புருவம் எடுக்க வந்தேனா, இல்ல பரீட்சை எழுத வந்தேனா?" என்று சத்தமாக ஆரம்பித்தவர், 'பரீட்சை' என்ற இடத்தில் குரல் இறங்கி நின்றுவிட்டார். கீழே இரும்புக் கடைக்காரர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதவச் சாத்து" என்றார் தேவியிடம்.

தேவி ஓடிப்போய்ச் சாத்தினாள். சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பழுப்புத்தாளில் அட்டை போட்டு, மேலே 'பூஜை முறைகள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே பிரித்தால் சாலைக் குறியீடுகள். கார் லைசன்ஸ் எடுப்பதற்கு முதலில் எழுத வேண்டிய சட்டப் பரீட்சை இருக்கிறதே, எங்கள் நாட்டில் எல்லாரும் உண்டாங் என்பார்களே, அந்தப் புத்தகம். மலாயில்.

"கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளாசுக்குப் போறேன்" என்றார். "ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் பெயில். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோட நின்னவ. மலாய் எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சிருது. எங்க வீட்டுல தெரிஞ்சா சிரிப்பாங்க. எங்கயாவது போகணும்னா இவர கேக்கணும், இல்லன்னா பையன கேக்கணும். கேட்டுக் கேட்டு எனக்கு வாயே மூடிப்போச்சு."

அப்படியானால் அந்த 'ம்'மும் 'சரி'யும் கோபம் இல்லை. தேவி சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்ததை நான் பார்த்தேன்.

அக்காவுக்கு இந்தச் சோகமெல்லாம் இரண்டாம் பட்சம். அவர் கேட்டது ஒன்றுதான். "எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"ரவுண்டபவுட்" என்றார் சம்பந்தியம்மா. "அங்கதான் நிக்கிது. யாரு முதல்ல போகணும்னு மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"ம்" என்றார் அக்கா. பல்லில் நூல் வந்துவிட்டது.

அந்த வலது புருவம்போல் ஒரு புருவத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. லில்லி ஆண்ட்டி டை வழிய வழிய எழுந்து வந்து, மேசைமேல் பவுடர் டப்பாவை நடுவில் வைத்து, சுற்றிலும் நகப்பூச்சுப் பாட்டில்களை அடுக்கினார். டப்பாதான் ரவுண்டபவுட், பாட்டிலெல்லாம் கார். தேவி நன்றாகக் கார் ஓட்டுவாள். அவள் ஒரு சிவப்புப் பாட்டிலை எடுத்து, "அத்தே, இதான் நீங்க" என்றாள். "வட்டத்துக்குள்ள வந்துட்டவங்களுக்குத்தான் முதல் வழி. நீங்க வலது பக்கம் பாத்துக்கிட்டு நிக்கணும். ஆள் இல்லன்னா போயிரலாம்."

"அப்ப இந்தப் பச்சைப் பாட்டிலு?" என்றார் சம்பந்தியம்மா, இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்து.

"அவன் உள்ள இருக்கான். அவனுக்கு வழி விடுங்க."

"இந்த ரோஸு?"

"அது உங்களுக்குப் பின்னாடி. அது ஹாரன் அடிச்சாலும் நீங்க அசையக்கூடாது அத்தே."

"அசைய மாட்டேன்" என்றார் சம்பந்தியம்மா, நாற்காலியில் ஏற்கெனவே அசையாமல் படுத்திருந்தவர். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

எல்லாம் முடிந்து எழுந்தவர், படி இறங்குவதற்கு முன் திரும்பி நின்று அக்காவைக் கேட்டார்.

"ஆமா, நீ என்னா படிக்கிற?"

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் ஊரில் ஒருத்தி இந்தக் கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்டதில்லை. அக்கா நூலைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

"சாயந்திரம் ஆனா கண்ணு எரியுதும்மா. காலைலேர்ந்து புருவ முடியையே உத்துப் பாத்துட்டு, அப்புறம் எழுத்தப் பாத்தா எல்லாம் பூச்சி மாதிரி ஓடுது. முன்ன எல்லாம் நெறைய படிப்பேன். இப்ப முடியல. அதான் உங்ககிட்டயெல்லாம் கேக்குறேன். லில்லி ஆண்ட்டியோட கொலகாரன் இன்னும் மாட்டல. டீச்சரோட கப்பல் புயல்ல நிக்கிது. முடிச்சவங்க வந்தா 'நல்லாருந்திச்சி'ன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடறாங்க, எனக்கு ஒண்ணும் கிடைக்கறதில்ல. பாதியில இருக்கறவங்கதான் விவரமாச் சொல்றாங்க. எல்லார் புத்தகத்துலயும் நடுவுல நான் இருக்கேன்மா. இப்ப உங்க ரவுண்டபவுட்டும் சேந்திருச்சு."

சம்பந்தியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். அவருடைய பழைய மூன்று வார்த்தைகளில் ஒன்று.

மறுநாள் மண்டபத்தில் எல்லார் கண்ணும் அவர் புருவத்தின்மேல்தான். "யாரு எடுத்தா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "சம்பந்தி ஊர்ல ஒருத்தி இருக்கா" என்று தலை நிமிர்ந்து சொன்னார். என் அம்மா பக்கத்தில் நின்று, புருவத்தைத் தானே எடுத்ததுபோல் பூரித்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடித்ததும் சம்பந்தியம்மா குனிந்து மணமகள் காதில் ஏதோ சொன்னார், தேவி தலைகுனிந்தபடியே மெல்லப் பதில் சொன்னாள். வீடியோக்காரர் அதை இரண்டு கோணத்தில் பிடித்தார். ஆசீர்வாதம் என்று ஊர் உருகியது. அவர் கேட்டது, "மஞ்ச லைட் வந்தா போலாமா, நிக்கணுமா?" என்று. தேவி சொன்னது, "நிக்கணும் அத்தே."

அப்புறம் சிகாமட் வீட்டில் மாமியாரும் மருமகளும் தினமும் சமையலறையில் உட்கார்ந்து பூஜை முறைகள் படித்தார்கள். புது மருமகளின் பக்தியைப் பார்த்து மாமனார் அக்கம்பக்கத்திலெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாராம். பரீட்சை பாஸாகி, ஓட்டிக் காட்டுகிற பரீட்சையும் பாஸாகி, லைசன்ஸ் வந்த பிறகுதான் அந்த வீட்டு ஆண்களுக்கு விஷயம் தெரிந்தது. சிரிக்க நேரம் தப்பிவிட்டது.

ஒரு சனிக்கிழமை நான் அக்காவின் நாற்காலியில் இருந்தேன். இடது புருவம் முடிந்திருந்தது. கீழே தெருவில் ஒரே ஹாரன் சத்தம். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சின்னதாக ஒரு வெள்ளைக் கார், இரண்டு கார் நிறுத்தும் இடத்தைக் குறுக்காக அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. சம்பந்தியம்மா இறங்கினார். வேறு யாரும் இறங்கவில்லை.

என்னை அப்படியே விட்டுவிட்டு அக்கா படியில் இறங்கி ஓடினார். நானும் ஒற்றைப் புருவத்தோடு பின்னால் ஓடினேன். ஒரு வாடிக்கையாளரை அக்கா தன் காரணத்துக்காகப் பாதியில் விட்டது அன்றைக்கு மட்டும்தான். இரும்புக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். கேக் டப்பாவோடு போய்க்கொண்டிருந்த லில்லி ஆண்ட்டி அப்படியே நின்றுவிட்டார்.

"சிகாமட்லேர்ந்து நானே வந்தேன்" என்றார் சம்பந்தியம்மா. கார் சாவியை இன்னும் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். "வழியில ரெண்டு ரவுண்டபவுட். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சான். நான் அசையல."

"மேல வாங்கம்மா, புருவம் எடுக்கலாம்" என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் புருவம் அப்புறம் எடுக்கலாம். நீ ஏறு மொதல்ல."

"எங்கம்மா?"

"குளுவாங்குக்கு. கண் டாக்டர்கிட்ட தேவி நேரம் வாங்கி வச்சிருக்கா. அன்னைக்குச் சொன்னியே, எழுத்து ஓடுதுன்னு. யாரு கேட்டாங்களோ இல்லயோ, நான் கேட்டுக்கிட்டேன். ஏறு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வலது புருவத்தைப் பார்த்தார். "போய்ட்டு வாங்கக்கா, அது எங்கயும் போயிடாது" என்றேன். லைசன்ஸ் எடுத்த சம்பந்தியம்மாவின் காரில் முதன்முதலாக ஏறிய ஆள் அவருடைய புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, எங்கள் ஒத்தப்புருவம் அக்கா. அந்தக் கார் தெருமுனையில் நின்று, வலது பக்கம் பார்த்து, ரொம்ப நேரம் பார்த்து, பிறகு திரும்பிப் போனதை நாங்கள் எல்லாரும் தெருவில் நின்று பார்த்தோம்.

இப்போது அக்கா கண்ணாடி போட்டிருக்கிறார். சாயங்காலத்தில் படிக்கிறார். அதன் பலனை நாங்கள் அனுபவிக்கிறோம். இடது புருவம் முடிந்ததும் நம் புத்தகத்தைக் கேட்கிறாரோ இல்லையோ, தன் புத்தகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். நூல் கடிக்காத வாயல்லவா, நிற்பதே இல்லை. ஒரு புருவத்துக்கும் இன்னொரு புருவத்துக்கும் நடுவில் லில்லி ஆண்ட்டி வீட்டுக்குப் போய் ஒரு கேக்கை அடுப்பில் வைத்துவிட்டு வருகிறார். ஒருத்தியும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

நான் கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டேன். இங்கே எங்கள் வீட்டுக்குக் கீழேயே ஒரு பார்லர் இருக்கிறது. இரண்டு புருவத்தையும் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவார்களாம். எனக்குத் தெரியாது, நான் போனதில்லை. இதை எழுதும் மேசையில் ஒரு நாவல் கிடக்கிறது. கடைசி அத்தியாயம்தான் பாக்கி, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் மூடி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சிம்பாங் ரெங்கத்துக்குப் போகிறேன், அதுவரைக்கும் பாதியில்தான் இருக்க வேண்டும்.